ஏட்டுச் சுவடியும் வன்தட்டும்: ஆய்வாளர் இல்லத்துச் சேமிப்பகத்திற்குரிய பொறியைத் தேர்தல்

1. நோக்கம்

தமிழாய்வாளர் ஒருவரின் இல்லத்தில் இன்று நூல்களேயன்றி வேறொரு செல்வமும் குவிந்துள்ளது. ஏட்டுச் சுவடிகளின் ஒளிப்படங்கள், மறுபதிப்புக் காணாத பழம்பதிப்புகளின் மின்படிகள், களப்பணியிற் பதிவு செய்த நாட்டுப்பாடல்கள், பதிப்புப் பணிக்கெனத் தொகுத்த பாடவேறுபாட்டுக் குறிப்புகள் என்பன அச்செல்வமாம். இவற்றுட் பல வேறெங்கும் படி இல்லாதவை. பாடிய மூதாட்டி மறைந்தபின் அப்பாடலுக்கு அவ்வொலிப்பதிவே சான்று. சுவடி செல்லுக்கு இரையானபின் அதன் ஒளிப்படமே மூலம். இத்தகைய செல்வத்தைப் பெரும்பாலோர் ஒரு மடிக்கணினியிலோ கைப்பையில் எடுத்துச் செல்லும் ஒரு சிறு வன்தட்டிலோ வைத்துள்ளனர்.

இதற்குத் தக்க மாற்று, வீட்டு வலைச் சேமிப்பகம். திரையும் விசைப்பலகையும் வேண்டாது, வீட்டு இணைய இணைப்புப் பெட்டியோடு கம்பியால் பிணைக்கப்பட்டு, இடையறாது இயங்கி, வீட்டிலுள்ள கணினிகள் அனைத்திற்கும் பொதுவான பேழையாக நிற்கும் ஒரு சிறு கணினியே அது. குறைந்த செலவில், நம்பத்தக்க வகையில் அதற்குரிய உறுப்புகளைத் தேர்வது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. செங்கற்பட்டு மாவட்டத்து ஊரப்பாக்கம் போன்ற ஒரு புறநகர் ஊரின் நிலைமைகளை மனத்திற் கொண்டே இவ்வாராய்ச்சி அமைகின்றது.

2. பொருளின் உறுதியும் படியின் உறுதியும்

‘நல்ல பொறி எது?’ என்று வினவுவார் பெரும்பாலும் ‘கெடாத பொறி எது?’ என்றே கருதுகின்றனர். கெடாத பொருள் ஒன்று உண்டு என்னும் எண்ணமே முதற் பிழை. பனையோலை நன்கு பேணப்படின் சில நூற்றாண்டுகள் நிற்கும். நம் தட்பவெப்பத்தில் அதற்கு மேல் நிற்பது அரிது. ஈராயிரம் ஆண்டுப் பழமை உடைய பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தமைக்கு ஓலையின் வலிமை காரணம் அன்று. தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதிய கைகளே காரணம். எழுதுவார் இல்லாதொழிந்த நூல்கள், எத்துணைச் சிறந்தனவாயினும் மறைந்தன. பழைய ஏடுகளை ஆற்றில் விட்டதையும் தீயில் இட்டதையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். வேறோர் ஊரில் வேறொரு படி இருந்த நூல்களே அவர்தம் தேட்டத்தில் அகப்பட்டன.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டும் இதனையே உணர்த்தும். 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறு படி உடையன பின்னர் மீட்கப்பட்டன. ஒற்றைப் படியாக இருந்த சுவடிகள் மீளவில்லை. இதற்கு மாறாக, கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் இல்லத்திலே தொகுத்து வைத்த நூல்களும் இதழ்களும், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994-இல் சென்னையில் தோன்றிய ஆய்வு நூலகத்தின் முதலாயின. அவை நுண்படமாகப் படியெடுக்கப்பட்டமையின், தாள் நொறுங்கினும் நூல் நிற்கும் நிலை பெற்றன. வீட்டுத் தொகுதியாயினும் படி பெருகின் வாழும். பெருநூலகமாயினும் ஒற்றைப் படியாயின் வீழும்.

ஆகவே பொறியைத் தேர்வதற்கு முதல் விதி வருமாறு: எப்பொறியும் கெடும் எனக் கொண்டு, கெட்ட நாளில் எஞ்சி நிற்கும் படிகள் எத்தனை என்பதைக் கொண்டே செலவைப் பங்கிடல் வேண்டும்.

3. தட்டின் ஆயுளும் சான்றின் தனிமையும்

வன்தட்டு விற்பார் தம் பொருளின் சராசரிப் பழுதிடைக் காலம் பத்து இலட்சம் மணி என அச்சிடுவர். கணக்கிட்டால் அது ஏறத்தாழ 114 ஆண்டாகும். ஒரு தட்டு 114 ஆண்டு இயங்கும் என்பது இதன் பொருள் அன்று. ஆயிரம் தட்டுகளை ஓராண்டு இயக்கினால் எட்டு அல்லது ஒன்பது பழுதாகும் என்பதே பொருள். அவ்வளவும் மெய்யன்று எனக் கண்டோரும் உளர். 2007-ஆம் ஆண்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா சுரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஓரிலட்சம் தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்து, ஆண்டுதோறும் மாற்றப்படும் தட்டுகள் பல இடங்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு எனக் காட்டினர்.

நூற்றுக்கு மூன்று எனக் கொள்வோம். ஐந்தாண்டிற்குள் ஒரு தட்டு பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினான்கு, அஃதாவது ஏழில் ஒன்று. ஏழு ஆய்வாளர் ஒவ்வொரு தட்டை மட்டுமே நம்பி இருப்பாராயின், ஐந்தாண்டிற்குள் அவருள் ஒருவர் தம் உழைப்பை இழப்பார். இரண்டு தட்டுகளில் ஒரே செய்தியை எழுதிவைப்பின், ஓராண்டில் இரண்டும் பழுதாகும் வாய்ப்பு மூன்றும் மூன்றும் பெருக்கப் பதினாயிரத்திற்கு ஒன்பது என ஆகும்.

ஆயினும் இப்பெருக்கற் கணக்கு ஒரு கட்டுப்பாட்டிற்கு உட்பட்டே செல்லும். இரண்டன் பழுதும் ஒன்றையொன்று சாராதிருத்தல் வேண்டும். பதிப்பாசிரியர்க்கு இக்கருத்துப் புதிதன்று. பத்துச் சுவடிகள் ஒரு பாடத்தையே காட்டினும், அப்பத்தும் ஒரே மூலத்தினின்று பெயர்த்தெழுதப்பட்டனவாயின், அவை பத்துச் சான்றாகா; ஒரு சான்றேயாம். அவ்வாறே ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே தொகுதியில் உருவான, ஒரே பெட்டியில் ஒரே மின்வழங்கியால் இயங்கும் இரு தட்டுகளும் முழுமையாக இரண்டு எனக் கொள்ளத்தக்கன அல்ல. ஓர் இடி அவ்விரண்டையும் ஒருங்கே தாக்கும். ஒரு வெள்ளம் இரண்டையும் மூழ்குவிக்கும். ஒரு கள்வன் இரண்டையும் எடுத்துச் செல்வான்.

‘ரெய்டு’ எனப்படும் முறையை மதிப்பிடுதற்கும் இதுவே அளவுகோல். 1988-ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலியைச் சார்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்சு ஆகிய மூவரும் இதனை விளக்கி எழுதினர். விலை குறைந்த தட்டுகள் பலவற்றை இணைத்து விலை மிகுந்த ஒரு தட்டினும் மேலான உறுதி பெறலாம் என்பது அவர் கருத்து. இரு தட்டுகளில் ஒரே செய்தியை ஒருங்கே எழுதும் ஆடிமுறை இதன் எளிய வடிவம். ஒரு தட்டு பழுதாயினும் வேலை நிற்காது. ஆனால் நாம் தவறி ஒரு கோப்பை அழிப்பின் அது இரண்டிலும் அக்கணமே அழியும். ஆதலின் ஆடிமுறை வசதியே; படி ஆகாது.

4. ஊரப்பாக்கத்தின் நிலைமை

பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் ஏரிகளும் அடுத்தடுத்து அமைந்த ஊர் ஊரப்பாக்கம். நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர் முதலிய ஏரிகளின் மிகைநீர் அடையாற்றிற் சேர்வது. 2015 டிசம்பரில் அடையாற்றுப் படுகையின் மேற்பகுதியாகிய முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்களில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் கரையைக் கடந்தபின் சென்னைப் புறநகரின் பல பகுதிகளில் மின்சாரம் சில நாட்கள் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் மழை மீண்டும் வெள்ளத்தைக் கொணர்ந்தது. கிழக்கே கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கடலோரத்து வாழ்வார்க்கு வெள்ளத்தோடு உப்புக்காற்றும் பகையாகும். இணைப்பு முனைகளில் களிம்பேறுதல் அங்கு விரைவாக நிகழும்.

இவற்றினின்று நான்கு முடிபுகள் பெறப்படும். பொறி தரையிலோ கீழ்த்தளத்திலோ இருத்தலாகாது. மின்தடையைத் தாங்கும் துணை வேண்டும். பொறி எளிதிற் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லும் அளவினதாதல் நன்று. ஒரு படியேனும் இவ்வாற்றின் வெள்ளம் தொடாத வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும்.

5. வேண்டும் கொள்ளளவு

அளவறியாது வாங்குவார் மிகையாக வாங்குவர். மிகையாக வாங்கியபின் இரண்டாம் படிக்குப் பொருள் இராது. ஆதலின் கணக்கு முந்துதல் வேண்டும்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 26 மெகாபைட்டு ஆகும். 40 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஓலையின் ஒரு பக்கத்தை 600 புள்ளி வீதம் எடுத்தால் ஏறத்தாழ 27 மெகாபைட்டு ஆகும். உயர்தர ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட்டு.

250 பக்கம் வீதம் 200 பழம்பதிப்புகள், 5,000 ஓலைப் பக்கங்கள், 300 மணி நேர ஒலிப்பதிவு ஆகியவற்றை உடைய ஓர் ஆய்வாளரைக் கொள்வோம். முதலாவது 1.3 டெராபைட்டு, இரண்டாவது 135 ஜிகாபைட்டு, மூன்றாவது 310 ஜிகாபைட்டு. மூன்றும் கூடி 1.8 டெராபைட்டிற்கு உட்படும். தரம் குன்றாத சுருக்கமுறையைக் கையாளின் இன்னும் குறையும். எனவே 4 டெராபைட்டுத் தட்டு ஒன்று, வளர்ச்சிக்கும் இடம் விட்டு, பெரும்பாலார்க்குப் போதும். உறையில் 4 எனப் பொறித்த தட்டு கணினியில் 3.6 எனத் தோன்றுவது குறையன்று. விற்பார் ஆயிரத்தின் மடங்காகவும் கணினி 1,024-இன் மடங்காகவும் எண்ணும் வேறுபாடே அது.

6. பொறி

கோப்பைக் காத்து வழங்கும் தொழிலுக்கு மிகு விரைவு வேண்டியதில்லை. வீட்டு வலையின் கம்பி விநாடிக்கு ஒரு ஜிகாபிட்டு கடத்தும்; அஃதாவது நடைமுறையில் ஏறத்தாழ 110 மெகாபைட்டு. இக்காலத்துச் சாதாரண வன்தட்டே இதனினும் விரைந்து படிக்கும். கழுத்துக் குறுகிய குடத்தின் வயிற்றைப் பெருக்குவதால் நீர் விரைந்து வாராது. ஆதலின் செயலி, நினைவகம் ஆகியவற்றின் விரைவிற்கெனப் பொருளைச் செலவிடல் வீண். எட்டு ஜிகாபைட்டு நினைவகம் தாராளமாகப் போதும்.

கிடைக்கும் வழிகள் நான்கு. முதலாவது, சைனாலஜி, கியூநேப் போன்ற நிறுவனங்கள் விற்கும் ஆயத்தப் பெட்டி. மென்பொருளோடு வருவதால் கணினிப் பயிற்சி இல்லாதார்க்கும் எளிது, மின்செலவும் குறைவு, விலை மிகுதி. இரண்டாவது, அலுவலகங்கள் கழித்த மேசைக் கணினி. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இவை புதுப்பிக்கப்பட்டுக் கிடைக்கும். இரு தட்டுகள் பொருந்த இடம் உள்ளதா, சாட்டா இணைப்புகள் இரண்டேனும் உளவா என்பவற்றைத் திறந்து பார்த்தே வாங்கல் வேண்டும். மூன்றாவது, இன்டெல் என்100 போன்ற சிறுமின் செயலியுடைய புதிய சிறு கணினி. நான்காவது, ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி. இதில் தட்டுகளை யு.எஸ்.பி. வழியே இணைக்கும்போது, மின்னோட்டம் குன்றினும் முனை தளரினும் தட்டு இடையில் அறுபடும். ஆதலின் இதனை முதற்படிக்கு அன்றி இரண்டாம் படிக்குக் கொள்வது தக்கது.

விலையோடு மின்செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். 15 வாட்டுப் பொறி இடைவிடாது இயங்கின் 60 நாளில் ஏறத்தாழ 22 யூனிட்டு. 60 வாட்டுப் பழைய மேசைக் கணினி 86 யூனிட்டு. இரு திங்களுக்கு ஒருமுறை கணக்கிடும் நம் மின்கட்டண முறையில், மிகையாகும் 64 யூனிட்டு வீட்டின் மொத்தக் கணக்கை உயர்ந்த கட்டணப் படிக்குத் தள்ளவும் கூடும். மலிவாக வாங்கிய பழம்பொறி சில ஆண்டுகளில் மலிவன்று ஆதல் இவ்வாறு. இரவில் அணைத்து வைப்பதாலும், இரண்டாம் படிப் பொறியைக் கிழமைக்கு ஒருமுறை மட்டும் இயக்குவதாலும் இச்செலவைக் குறைக்கலாம்.

7. வன்தட்டு

செலவிற் சுருங்கலாகாத உறுப்பு இது. தேர்வார் நோக்கத்தக்கன நான்கு.

ஒன்று, பதியும் முறை. வன்தட்டில் செய்தி வட்டத் தடங்களாகப் பதிகின்றது. தடங்கள் தனித்தனியே அமைவது வழக்கமான முறை, சி.எம்.ஆர். எனக் குறிக்கப்படும். கூரையில் ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய அமைவது மற்றொரு முறை, எஸ்.எம்.ஆர். எனக் குறிக்கப்படும். ஓர் ஓட்டை மாற்ற அடுத்தவற்றையும் எடுத்து வேய்வது போல, இதில் ஒரு பகுதியைத் திருத்த அடுத்துள்ளவற்றையும் திரும்ப எழுதல் வேண்டும். பழுதான தட்டிற்கு மாறாகப் புதியதை இட்டு நிரப்பும்போது இக்குறை பெரிதாகும். வலைச் சேமிப்பகத்திற்கென விற்கப்பட்ட தட்டுகளிலும் இம்முறை அறிவிப்பின்றிக் கையாளப்பட்டமை 2020-இல் வெளிப்பட்டது. அதன்பின் நிறுவனங்கள் பட்டியல் வெளியிட்டுள்ளன. மாதிரி எண்ணை அப்பட்டியலோடு ஒப்பிட்டு, சி.எம்.ஆர். தட்டையே கொள்க.

இரண்டு, உறுதியளிப்புக் காலம். மேசைக் கணினிக்குரியவற்றிற்குப் பெரும்பாலும் இரண்டாண்டு, சேமிப்பகத்திற்குரியவற்றிற்கு மூன்றாண்டு, பெருநிலையங்களுக்குரியவற்றிற்கு ஐந்தாண்டு. உறுதியளிப்பு தட்டையே மாற்றித் தரும். அதிலிருந்த பாடலைத் தாராது என்பதை மறத்தலாகாது.

மூன்று, புதுமை. பயன்படுத்திய தட்டுகள் புதியனவாக விற்கப்பட்டமை 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிப்பட்டது. தட்டு தன்னுள்ளே இயங்கிய மணிநேரத்தையும் பழுதாகி ஒதுக்கிய பகுதிகளின் எண்ணையும் குறித்து வைக்கும். வாங்கிய அன்றே ‘ஸ்மார்ட்’ எனப்படும் அக்குறிப்பை நோக்குக. பின்னர் தட்டு முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்த பின்னரே செய்தியை இடுக. 4 டெராபைட்டுத் தட்டிற்கு இச்சோதனை ஓரிரவும் ஒரு பகலும் கொள்ளும்.

நான்கு, தனிமை. இரு தட்டுகளையும் வெவ்வேறு நிறுவனத்தனவாகவோ, சில திங்கள் இடைவிட்டு வெவ்வேறு கடைகளிலோ கொள்க. மேலே கூறிய சான்றின் தனிமை இதனால் ஓரளவு கிட்டும்.

அசையும் உறுப்பு இல்லாத எஸ்.எஸ்.டி. என்பது விரைவும் அமைதியும் உடையது. இயங்கு மென்பொருளை இடுதற்கு ஏற்றது. ஆயின் மின்னின்றி நெடுங்காலம் அலமாரியில் வைக்கும் படிக்கு அது தக்கதன்று. அதன் மின்னேற்றம் காலப்போக்கிற் கசியும்.

8. மின்துணையும் வைப்பிடமும்

எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் அறுபடின் கோப்பும் கோப்பு அட்டவணையும் சிதையும். 600 வி.ஏ. அளவுள்ள எளிய யு.பி.எஸ். ஒன்று இத்தகைய சிறு பொறியைச் சில நிமிடம் தாங்கும். அதனை யு.எஸ்.பி. கம்பியாற் பொறியோடு இணைத்து, மின்கலம் குன்றும்போது பொறி தானே முறையாக அணையுமாறு அமைத்தல் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றையே நம்பின், மாறும் கணத்தில் பொறி அணைந்து எழக்கூடும். யு.பி.எஸ். மின்கலம் ஏறத்தாழ மூன்றாண்டில் மாற்றத்தக்கது. அச்செலவையும் முன்னரே எண்ணிக் கொள்க.

வைப்பிடம் இடுப்பளவிற்கு மேற்பட்ட, காற்றோட்டமுள்ள, வெயில் படாத தட்டு ஆகுக. மூடிய மர அலமாரி கோடையில் சூளையாகும். தட்டின் வெப்பம் 45 பாகைக்குள் நிற்பது நன்று. கடலோரத்தார் ஆண்டிற்கு இருமுறை முனைகளைக் கழற்றித் துடைத்தல் வேண்டும். மழைக்காலத்து இடியின்போது இணையக் கம்பியையும் மின்கம்பியோடு சேர்த்துக் கழற்றுதல் தக்கது. கம்பி இரண்டாயினும் இடிக்கு வழி ஒன்றே.

9. பாடம் சிதையாமை காணல்

ஏடு பெயர்த்தெழுதுவார் கைப்பிழையாற் பாடம் திரிந்தமை நாம் அறிந்ததே. மின்படியிலும் இது நிகழும். தட்டில் ஓரெழுத்து ஓசையின்றி மாறி, அம்மாற்றமே அடுத்த படிக்கும் செல்லும். நாம் அறிவது பல்லாண்டு கழித்தே. இதற்கு மருந்து சரிபார்ப்புத் தொகை. எஸ்.எச்.ஏ. 256 போன்ற முறை, எத்துணைப் பெரிய கோப்பிற்கும் 64 குறிகளால் ஆன ஒரு முத்திரையைக் கணித்துத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் முத்திரை வேறாகும். கோப்பைப் பெற்ற நாளில் முத்திரையைக் குறித்து வைத்துப் பின்னர் ஒப்பிடின், எப்படியில் பாடம் திரிந்தது என்பது ஐயமின்றி விளங்கும். 2005-இல் சன் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட இசட்.எப்.எஸ். என்னும் கோப்பமைப்பு இவ்வேலையைத் தானே செய்யும். இரு தட்டு இருப்பின், திரிந்த படியைத் திரியாத படியினின்று திருத்தவும் செய்யும். திங்களுக்கு ஒருமுறை முழுத்தட்டையும் இவ்வாறு ஒப்பிடச் செய்தல் நன்று.

10. முடிவு

செலவைப் பங்கிடும் முறை இனித் தெளிவாகும். கையிலுள்ள தொகை முழுவதையும் ஒரு சிறந்த பெட்டிக்கு ஈந்துவிட்டு இரண்டாம் படியைப் பின்னொரு நாளுக்கு விடுவது பொருந்தாது. முதற்கண் 4 டெராபைட்டுத் தட்டு மூன்றற்குப் பொருளை ஒதுக்குக, அடுத்து யு.பி.எஸ். ஒன்றற்கு ஒதுக்குக, எஞ்சியது எதுவோ அதற்குள் பொறியை வாங்குக. இரு தட்டு வீட்டுப் பொறியில் ஆடிமுறையில் நிற்கும். மூன்றாவது, திங்களுக்கு ஒருமுறை படியெடுக்கப்பட்டு, தஞ்சையிலோ மதுரையிலோ உள்ள உடனாய்வாளர் இல்லத்தில் உறையும். அவருடைய மூன்றாம் தட்டு நம் இல்லத்தில் உறையும். எஞ்சிய தொகை சிறிதாயின் பழைய மேசைக் கணினியே போதும். அதற்கும் இல்லையாயின் பொறியைக் கைவிட்டு, இரு தட்டுகளில் மாறிமாறிப் படியெடுத்து ஒன்றை வெளியூரில் வைப்பினும் அமையும். ஒற்றைப் படியோடு நிற்கும் விலையுயர்ந்த பெட்டியினும் அவ்வேழைமுறையே உறுதி மிக்கது.

படி இருப்பதாக நம்புவது வேறு. படியினின்று மீட்டுப் பார்த்திருப்பது வேறு. ஆண்டிற்கு ஒருமுறையேனும், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், வெளியூர்த் தட்டை வருவித்து, அதினின்று ஒரு சுவடியையும் ஒரு பாடலையும் திறந்து பார்த்து, முத்திரையை ஒப்பிட்டுத் திருப்பியனுப்புதல் வேண்டும். ஐந்தாண்டு கடந்த தட்டைப் பழுதாகுமுன்னரே மாற்றுதல் வேண்டும். செல்லரிக்குமுன் ஏடு பெயர்த்தெழுதிய முன்னோர் செயலும் இதுவே. கருவி மாறியதேயன்றிக் கடமை மாறவில்லை.